வந்து போகிற அம்மாக்கள்

அந்தப் பிரசவ வார்டை மூட வைத்தது எங்கள் டீம் லீட். உருகுவே நாட்டில் பிள்ளை பிறப்பது குறைந்துபோச்சு, அதனால்தான் மூடினார்கள் என்று அவர் இப்போது எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருப்பது பொய். பிறப்பு குறைந்தது உண்மைதான். ஆனால் அந்த ஊர் வார்டுக்குப் பூட்டு வாங்கிக் கொடுத்தது அவர் போட்ட ஒரு விதி. அந்த விதி தப்பு என்று அவருக்குத் தெரிந்த நிமிஷத்தில் நான் அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

டெக்சாஸில், இர்விங்கில், லாஸ் கொலினாஸ் பக்கம் எங்கள் ஆபீஸ். மருத்துவமனைகளுக்கு மக்கள்தொகையைப் பார்த்து முன்கூட்டிச் சொல்வது எங்கள் வேலை. பத்து வருஷத்தில் ஓர் ஊரில் எத்தனை வயசானவர்கள் இருப்பார்கள், எத்தனை குழந்தைகள் பிறக்கும், எந்த வார்டில் கட்டில் கூட்டலாம், எந்த வார்டை எடுத்துவிடலாம். டீமில் ஐந்து பேர். ஐந்து பேரும் தமிழ். மீட்டிங்கில் வெளியாள் இல்லையென்றால் தமிழிலேயே பேசி முடித்துவிடுவோம். லீட் கோபிசெட்டிபாளையம் பக்கத்துக்காரர். எல்லோரும் அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவோம். என்னை வேலைக்கு எடுத்தவர் அவர். என் கிரீன் கார்டு ஃபைல் நகர வேண்டுமென்றாலும் அவர் கையெழுத்து வேண்டும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்ததற்குக் காரணம் அதுதான், வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை.

உருகுவே பிரேசிலுக்கும் அர்ஜென்டினாவுக்கும் நடுவில் இருக்கிற சின்ன நாடு. அங்கே இப்போது வருஷத்தில் பிறப்பவர்களைவிட இறப்பவர்கள் அதிகம். பெண்கள் பிள்ளை பெறுவதைத் தள்ளிப் போடுகிறார்கள், ஒன்றோடு நிறுத்துகிறார்கள், அல்லது வேண்டாம் என்றே இருக்கிறார்கள். பதின்வயதுப் பெண்கள் பிள்ளை பெறுவது வெகுவாகக் குறைந்திருக்கிறது, அது நல்ல விஷயம். இளைஞர்கள் தலைநகருக்கோ வெளிநாட்டுக்கோ போய்விடுகிறார்கள். கடைசியாக எடுத்த கணக்கெடுப்பில் எதிர்பார்த்ததைவிட ஆட்கள் குறைவாக இருந்தார்கள். இதையெல்லாம் படித்தபோது எனக்குப் புதிதாக ஒன்றும் தெரியவில்லை. சாத்தூரில் நான் படித்த ஆரம்பப் பள்ளியிலும் இப்போது ஒரு வகுப்பறைக்குப் பிள்ளை கிடைக்காமல் இரண்டு வகுப்பை ஒன்றாக உட்கார வைத்திருக்கிறார்கள்.

எங்களுக்கு வேலை கொடுத்தது அங்கே பல ஊர்களில் மருத்துவமனை நடத்துகிற ஒரு தனியார் குழுமம். அவர்களுக்கு வடக்கே, பிரேசில் எல்லையை ஒட்டிய ஓர் ஊரில் சின்ன ஆஸ்பத்திரி ஒன்று உண்டு. அதில் ஒரு பிரசவ வார்டு. வைத்துக்கொள்ளலாமா, மூடலாமா என்பதுதான் கேள்வி. மூடினால் அடுத்த பிரசவ வார்டுக்கு ரோட்டில் ஒன்றரை மணி நேரம் போக வேண்டும். அந்த ஊர் என் பொறுப்பில் வந்தது.

அந்த ஊர் கணக்கு இடித்தது. கணக்கெடுப்பின்படி அங்கே வசிக்கிற பெண்களின் எண்ணிக்கைக்கு இவ்வளவு பிரசவம் நடக்கக் கூடாது. பதிவேட்டைத் திறந்து பார்த்தேன். பிள்ளை பெற்றவர்களில் ஒரு பகுதியினருக்கு முகவரி வேறு ஊரில் இருந்தது. சிலருக்குத் தலைநகர் முகவரி. சிலருக்கு அந்த இடமே காலி. அவர்களெல்லாம் யார், ஏன் இந்த ஊருக்கு வந்து பெறுகிறார்கள்?

எனக்குப் பதில் உடனே தோன்றியது. அதுதான் கேடு. ஃபைலில் குறிப்பு எழுதினேன்: முதல் பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வந்தவர்களாக இருக்கலாம், விசாரிக்க வேண்டும்.

டீமில் வேறு நாட்டுக்காரர் ஒருவர் இருந்திருந்தால் என்ன இது என்று கேட்டிருப்பார். எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. எங்களுக்கு இது கேள்வியே இல்லை. என் அப்பா ஊர் சாத்தூர், நான் வளர்ந்தது சாத்தூர், பாஸ்போர்ட்டில் பிறந்த ஊர் கோவில்பட்டி. அம்மாவை ஏழாம் மாதம் அங்கே கூட்டிக்கொண்டு போனார்கள், நான் பிறந்து மூன்று மாதம் கழித்து சாத்தூருக்குக் கொண்டுவந்து விட்டார்கள். மற்ற நாலு பேரின் பாஸ்போர்ட்டும் அப்படித்தான். பொண்ணு முதல் பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போவாள், உலகத்தில் எல்லாப் பெண்களும் போவார்கள் என்று நாங்கள் ஐந்து பேரும் உட்கார்ந்து நம்பினோம்.

அண்ணாவுக்கு ஒரே சந்தோஷம். "கரெக்ட்டும்மா, அதேதான். எம்புள்ள பொறந்தப்ப நான் பெங்களூரு, அவ கோபி. ஆஸ்பத்திரி லெட்ஜர்ல பாத்தா கோபில ஏகப்பட்ட புள்ளைங்க பொறந்த மாதிரி இருக்கும். அத்தன பேரும் மூணாம் மாசம் பஸ் ஏறிருவாங்க" என்றார்.

நான் எழுதிய குறிப்பிலிருந்து ‘விசாரிக்க வேண்டும்’ என்பதை அவர் எடுத்துவிட்டார். ‘இருக்கலாம்’ என்பதையும் எடுத்துவிட்டார். அதை விதியாக மாற்றினார். வெளியூர் முகவரி உள்ளவர்களும் முகவரி இல்லாதவர்களும் வந்து போகிறவர்கள், அவர்களை ஊரின் தேவையில் சேர்க்கக் கூடாது. இப்போது பெரியவர்கள் ஊரில் இருக்கிறார்கள், அதனால் மகள்கள் வருகிறார்கள், பெரியவர்கள் போனதும் வருவது நின்றுவிடும் என்று ஒரு விளக்கமும் சேர்த்தார். அவர்களைக் கழித்ததும் வரைபடத்தில் பிரசவக் கோடு சரசரவென்று கீழே இறங்கியது. பார்க்க அழகாக இருந்தது. நாடே இறங்குகிறது, ஊரும் இறங்குகிறது, எல்லாம் பொருந்திப்போனது. நானும் ஒத்துக்கொண்டேன். விசாரிக்க வேண்டும் என்று எழுதியவள் மூன்று வாரம் கையில் வைத்திருந்தும் விசாரிக்கவில்லை. அந்த மூன்று வாரத்தை நான் யார் தலையிலும் கட்ட முடியாது.

அப்போது நான் ஐந்து மாதம். என் அம்மாவுக்கு விசா இன்டர்வியூவில் மறுத்துவிட்டார்கள். மறுபடி அப்ளை பண்ணினால் டெலிவரிக்குள் தேதி கிடைக்காது என்றார்கள். நான் ஊருக்குப் போனால் விசா ஸ்டாம்பிங்கில் மாட்டிக்கொண்டு திரும்பி வர முடியாமல் போகலாம், வேலை போகும். ஆகவே நான் போகவில்லை, அம்மாவும் வரவில்லை. என் கணவர் யூடியூபில் பத்தியக் குழம்பு வைக்கக் கற்றுக்கொண்டிருந்தார். முதல் இரண்டு தடவை வைத்ததை இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

ரிப்போர்ட் போன பிறகு, வார்டை எந்தத் தேதியில் மூடுவது, எப்படிப் படிப்படியாக மூடுவது என்று பேச ஒரு வீடியோ கால் வைத்தார்கள். காலை பத்து மணி. எங்கள் பக்கம் நானும் அண்ணாவும். அங்கே அந்த வார்டின் தலைமை மருத்துவச்சி. நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர். மருத்துவச்சிக்கு அறுபது வயது இருக்கும். குட்டையாக வெட்டிய வெள்ளை முடி. கையில் ஒரு குடுவை, அதில் உலோகக் குழாய் போட்டு ஏதோ இலைத் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே பேசினார். கேட்டதற்கெல்லாம் ஒரு வரியில் பதில் சொன்னார். கோபத்தில் இருக்கிறார் என்று தெரிந்தது.

எல்லாம் முடிகிற நேரத்தில் நான் ஒரு கேள்வி கேட்டேன். வேலைக்காகக் கேட்கவில்லை. என் வயிறு கேட்க வைத்தது என்றுதான் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் பிள்ளை பிறந்த மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ திருப்பி அனுப்புவார்கள், அங்கே என்ன வழக்கம் என்று தெரிந்துகொள்ள ஆசை. உங்கள் ஊருக்குப் பிரசவத்துக்கு வருகிற பெண்கள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எத்தனை மாதம் கழித்து ஊருக்குத் திரும்பிப் போவார்கள் என்றேன்.

மொழிபெயர்ப்பாளர் கேட்டார். மருத்துவச்சி திருப்பிக் கேட்டார்.

"எந்த ஊருக்கு?"

கணவன் வீட்டுக்கு என்றேன். அவர் குடுவையைக் கீழே வைத்தார். பிறகு நிறுத்தாமல் பேசினார், மொழிபெயர்ப்பாளர் பின்னாலேயே ஓடினார். இங்கே யாரும் பிள்ளை பெறுவதற்கு அம்மா வீட்டுக்கு வருவதில்லை, அப்படி ஒன்றை நான் கேள்விப்பட்டதும் இல்லை. நீங்கள் சொல்கிற பெண்கள் கியூபாக்காரர்கள், வெனிசுவேலாக்காரர்கள். பிரேசில் வழியாக எல்லையைத் தாண்டி வந்தவர்கள். தலைநகருக்குப் போய்ப் பார்த்துவிட்டு வாடகை கட்டுப்படியாகாமல் திரும்பி இங்கேயே வந்தவர்களும் உண்டு, அதனால் அடையாள அட்டையில் பழைய முகவரி இருக்கும். பஸ் நிலையத்துக்குப் பின்னால் குடியிருக்கிறார்கள். கடைகளில், இறைச்சி ஆலையில் வேலை பார்க்கிறார்கள். அவர்கள் எங்கேயும் போக மாட்டார்கள். அவர்களுடைய அம்மாக்கள் பல ஆயிரம் மைலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறார்கள். அம்மாவைப் பார்த்து நாலைந்து வருஷம் ஆன பெண்கள் அவர்கள்.

அண்ணா மைக்கை மியூட் பண்ணினார். என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "டைம் ஆச்சு. ராப் அப் பண்ணிரலாம்."

கால் முடிந்ததும் அவர் சொன்னது இதுதான்: "அந்தம்மா அந்த வார்டுல வேல பாக்குறவங்க கண்ணு. மூடுனா வேல போயிரும். அப்படித்தான் பேசுவாங்க. நீ எமோஷனல் ஆகாத."

நியாயமாகத்தான் பட்டது. ஆனால் சரிபார்க்க வழி இருந்தது. அந்த ஆஸ்பத்திரி கொடுத்த ஃபைல்களிலேயே குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட்ட பதிவும் இருந்தது. ஆரம்பத்திலிருந்தே எங்கள் கையில் இருந்தது, ஒருவரும் திறக்கவில்லை. அம்மாக்கள் ஊருக்குப் போயிருந்தால் குழந்தைகளுக்கு ஆறாம் மாத ஊசி அங்கே போட்டிருக்க முடியாது. திறந்து பார்த்தேன். ஆறாம் மாத ஊசி அங்கேதான். பதினைந்தாம் மாத ஊசியும் அங்கேதான். நாங்கள் பஸ் ஏற்றி அனுப்பிவிட்ட குழந்தைகள் அத்தனை பேரும் அதே ஆஸ்பத்திரி வாசலில் வரிசையில் நின்றிருக்கிறார்கள். சில அம்மாக்கள் அதே வார்டில் இரண்டாவதும் பெற்றிருந்தார்கள். கிழடு தட்டிக்கொண்டிருந்த ஓர் ஊரில் பிள்ளை பெறுகிற வயதில் புதிதாக வந்து சேர்ந்தவர்கள் அவர்கள்தான். அவர்களை எடுத்துவிட்டு அந்த ஊரில் பிள்ளை பிறக்கவில்லை என்று எழுதியிருக்கிறோம்.

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அண்ணாவின் அறைக்குப் போனேன். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து காட்டினேன். அவர் ரொம்ப நேரம் பார்த்தார். அவரே மவுஸை வாங்கி மேலும் கீழும் இழுத்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்தார். புரியாதவர் அப்படிப் பார்க்க மாட்டார்.

"ரிப்போர்ட் போர்டு வரைக்கும் போயாச்சு. இப்ப ஒரு ஊர மாத்துனா, மத்த ஊரெல்லாம் சரியான்னு கேப்பான். ஃபேஸ் டூல பாத்துக்கலாம். நீ டெலிவரியப் பாரு."

"ஃபேஸ் டூ எப்பண்ணா?"

"வரும்."

அன்று சாயங்காலமே அந்தத் தடுப்பூசி விவரத்தை அவருக்கு மெயிலாகவும் அனுப்பினேன். அவருக்கு மட்டும். வேறு யாரையும் சிசி போடவில்லை. போட்டிருக்க வேண்டும். விரல் அந்த இடம் வரைக்கும் போய் நின்றது.

இரண்டு வாரம் கழித்து எனக்கு வளைகாப்பு. அதை நடத்தியது அண்ணாவும், நாங்கள் அக்கா என்று கூப்பிடுகிற அவர் மனைவியும்தான், ரிச்சர்ட்சனில் அவர்கள் வீட்டில். அம்மா வர முடியாத பெண்ணுக்கு யார் செய்வார்கள் என்று அக்கா தானே முன்வந்து செய்தார். அந்த அன்பில் நான் குறை சொல்ல மாட்டேன். ஐந்து வகைச் சாதம், நியூ ஜெர்சியிலிருந்து ஒருவர் கொண்டுவந்த கண்ணாடி வளையல், போனில் சாத்தூரிலிருந்து அம்மா. போனை ஒரு தட்டில் சாய்த்து வைத்திருந்தார்கள், அம்மா அழுதது குத்துவிளக்குக்குப் பக்கத்தில் தெரிந்தது. எனக்கு இரண்டு கையும் முழங்கை வரைக்கும் வளையல்.

எங்கள் ஊரில் வளைகாப்பு முடிந்ததும் பெண்ணை அம்மா வீட்டுக்கு அழைத்துப் போவார்கள். அதற்குத்தான் வளைகாப்பே. சாப்பாடு முடிந்து நாங்கள் கிளம்ப எழுந்தபோது ஒரு ஆன்ட்டி அதைச் சொன்னார். அண்ணா சிரித்துக்கொண்டே, "அதான் இது அவளுக்கு அம்மா வூடு. இங்கிருந்து இர்விங் அனுப்பி வக்கிறோம். ஃப்ரீவேல அரை மணி நேரம். ஊரு வழக்கத்த தலகீழா பண்ணிட்டம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

நான் சொன்னேன்: "அண்ணா, நான் எங்க போறேன்? என் அப்பார்ட்மென்ட்டுக்குத்தான். அங்கதான் பெத்துக்கப் போறேன், அங்கதான் இருக்கப் போறேன். உங்க ரூல்படி என்னையும் கழிச்சிருவீங்க இல்ல?"

அங்கே இருந்தவர்களில் அவரையும் என் கணவரையும் தவிர யாருக்கும் புரியவில்லை. அக்கா என்ன ரூல் என்று கேட்டார். அண்ணாவின் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது, கண்ணில் மட்டும் இல்லை. என் கணவர் என் முழங்கையைப் பிடித்தார், வளையல் சத்தம் போட்டது.

"ஆபீஸ் விஷயத்த வூட்டுக்குக் கொண்டாராத கண்ணு" என்றார். பிறகு காருக்குப் பக்கத்தில், என் கணவர் கதவைத் திறக்கிற நேரத்தில், மெதுவாக: "உன் ஃபைல் அடுத்த மாசம் லாயர்கிட்ட போகுது. ஞாபகம் இருக்கட்டும்."

மிரட்டினாரா, சும்மா சொன்னாரா என்று வீடு வரைக்கும் நானும் கணவரும் சண்டை போட்டோம். அவர் நல்ல மனுஷன், பயத்தில் பேசுகிறார் என்றார் என் கணவர். பயம் இருக்கிறவன் ரிப்போர்ட்டை மாற்றட்டும் என்றேன். கார் நின்றபோது வளையலில் மூன்று உடைந்திருந்தது. எப்படி உடைந்தது என்று எனக்கே தெரியாது.

அதற்குப் பிறகு நானும் பேசவில்லை. ஃபைல் லாயரிடம் போகட்டும், பிள்ளை பிறக்கட்டும் என்று காத்திருந்தேன். வார்டை மூடினார்கள். எனக்குப் பெண் பிறந்தாள், இங்கே, என் வீட்டிலிருந்து பன்னிரண்டு நிமிஷ தூரத்தில் இருக்கிற ஆஸ்பத்திரியில். பனிக்குடம் உடைந்தபோது கணவர் ஓட்டிய வேகத்துக்கு அந்தப் பன்னிரண்டு நிமிஷமே எனக்குப் பெரிய தூரமாக இருந்தது. அடுத்த சிக்னல், அடுத்த சிக்னல் என்று எண்ணிக்கொண்டு போனேன். ஒன்றரை மணி நேரத்தை எப்படி எண்ணுவது?

மகளுக்கு ஐந்து வாரம் ஆனபோது அந்த மருத்துவச்சியிடமிருந்து மெயில் வந்தது. எனக்கு மட்டும்தான் அனுப்பியிருந்தார். மொழிபெயர்த்துப் படித்தேன். பஸ் நிலையத்துக்குப் பின்னால் குடியிருக்கிற ஒரு பெண் ஆம்புலன்சிலேயே, வழியில் ரோட்டோரத்தில், பிள்ளை பெற்றிருக்கிறாள். ஆம்புலன்சில் இருந்தவருக்குப் பிரசவம் பார்த்துப் பழக்கம் இல்லை. இரண்டு பேரும் பிழைத்துக்கொண்டார்கள், குழந்தையை மட்டும் சில நாள் பெரிய ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். மெயிலின் கடைசியில் ஒரே ஒரு வரி. அன்றைக்கு நீங்கள் கேட்ட கேள்வியிலிருந்து உங்களுக்கு ஏதோ தெரியவில்லை என்று புரிந்துகொண்டேன், இப்போதாவது தெரிகிறதா என்று கேட்டிருந்தார்.

தெரியும். அவர் கேட்பதற்கு வெகு நாள் முன்னாலேயே தெரியும். அதைத்தான் அவருக்கு எழுத முடியாமல் மூன்று நாள் உட்கார்ந்திருந்தேன்.

இப்போது அந்த ஊர்க்காரர்கள் சத்தம் போட்டு ஒரு பொதுக் கூட்டம் கேட்டு வாங்கியிருக்கிறார்கள். வார்டைத் திறப்பதா, அப்படியே விடுவதா என்று அதில்தான் முடிவாகும். நகராட்சி ஹாலில் நடக்கும், யார் வேண்டுமானாலும் வரலாம், நேரலையில் காட்டுவார்கள். எங்கள் கம்பெனி சார்பில் வீடியோவில் பேசப் போகிறவர் அண்ணா. அதற்கு முன்னோட்டமாக ஒரு கடிதம் போயிருக்கிறது, டீமில் ஒருவர் எனக்குக் காட்டினார். நாடு முழுக்கப் பிறப்பு குறைகிறது, அந்த ஊரும் விலக்கல்ல என்று எழுதியிருக்கிறார். ஏதாவது பிசகு இருந்தால் அது இப்போது லீவில் இருக்கிற ஊழியர் எழுதிய முதல் குறிப்பிலிருந்து வந்திருக்கலாம் என்றும் எழுதியிருக்கிறார். லீவில் இருக்கிற ஊழியர் நான்தான். மடியில் பிள்ளையோடு அதைப் படித்தேன்.

ஆமாம், முதல் குறிப்பு என்னுடையது. உலகமெல்லாம் சாத்தூர், கோவில்பட்டி என்று நினைத்தவள் நான். அதை அந்தக் கூட்டத்தில் என் வாயாலேயே சொல்கிறேன், கேட்டால் கையெழுத்தும் போடுகிறேன். தடுப்பூசி விவரத்தை நேற்று எங்கள் மேலதிகாரிகளுக்கும் அந்தக் குழுமத்துக்கும் அனுப்பிவிட்டேன். அதை நான் அண்ணாவுக்கு எந்த நாள் அனுப்பினேன் என்பது அந்த மெயிலிலேயே இருக்கிறது. என் ஃபைல் என்ன ஆகும் என்று தெரியாது. கணவர் இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை.

அண்ணா, நீங்கள் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். அந்தக் கூட்டத்தில் நாடு கிழடாகிறது, பிறப்பு குறைகிறது என்று கோடு போட்டுக் காட்டுவீர்கள். காட்டுங்கள், அது உண்மைதான். அதற்குப் பிறகு அந்த மருத்துவச்சி என்னிடம் கேட்டதை உங்களிடம் நான் கேட்கிறேன். வந்து போகிறவர்கள் என்று நீங்கள் கழித்த அந்தப் பெண்கள் எந்த ஊருக்குப் போவார்கள் என்று நினைத்தீர்கள்? போகவில்லை என்று தெரிந்த பிறகும் ஏன் கழித்தே வைத்தீர்கள்? எனக்குப் போன் பண்ணிச் சொல்ல வேண்டாம். அக்காவை விட்டுச் சமாதானம் பேச வேண்டாம். அந்த ஹாலில் அந்தப் பெண்கள் பிள்ளைகளோடு உட்கார்ந்திருப்பார்கள். மைக்கை மியூட் பண்ணாமல் அவர்களுக்குப் பதில் சொல்லுங்கள்.